கரையில் நடக்கும் ஆள்

வயலாக இருந்த காலத்தில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. நடவுக்கு ஒரு கூட்டம், களையெடுக்க ஒரு கூட்டம், அறுப்புக்கு ஒரு கூட்டம், இவர்களுக்குள் வரும் சண்டையைத் தீர்த்து வைக்கிறேன் என்று வந்து பெரிதாக்கிவிட்டுப் போக இன்னொரு கூட்டம். பிறகு யாரோ ஒருவர் வயலை வெட்டிக் குளமாக்கி மீன் விட்டார். மீன் நல்ல விலைக்குப் போனது. அவரைப் பார்த்துப் பக்கத்துக்காரர் வெட்டினார், அவரைப் பார்த்து அடுத்தவர். கண் மூடித் திறப்பதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் குளமாகிவிட்டது. தண்ணீருக்கு யார் களையெடுக்கப் போகிறார்கள்? ஒரு குளத்துக்கு ஓர் ஆள் போதும், அந்த ஆளும் பாதி நேரம் சும்மா நிற்கலாம். மீன் பெருகப் பெருக ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள், ஐஸ் லாரிகள் வந்து போகிற பரபரப்பில் அது யாருக்கும் உறைக்கவில்லை.

நெட்டையனுக்கு உறைத்தபோது தெருவில் பூட்டாத வீடு அவனுடையது ஒன்றுதான்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்து, வாசலில் குனிந்து குனிந்து முதுகிலேயே ஒரு வளைவு விழுந்துபோன ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பேரை வைத்தவன் எதிர்க்கரைக்காரன். இரண்டு பேர் குளத்துக்கும் நடுவில் பொதுவாக ஒரே ஒரு கரை. அது வரப்பாக இருந்த சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வளர்ந்தார்கள். அதைத்தான் சிநேகம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு பெரிய மீன் நிறுவனம் வந்து குளங்களைக் குத்தகைக்குக் கேட்டபோது ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. தீவன விலை ஏறுகிறது, வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது, ஒரு குளத்தில் நோய் வந்தால் வாய்க்கால் வழியே எல்லாக் குளத்துக்கும் வருகிறது. நம்மால் ஆகாது சாமி என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் எதிர்க்கரைக்காரனும் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுத்தான் சொன்னான். நெட்டையனைச் சுட்டது அந்த இடம்தான். போகிற அன்று வாசலில் வந்து நின்றவனை நெட்டையன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"குளத்தக் குடுத்தவனுக்கெல்லாம் வழியனுப்ப எனக்கு நேரமில்ல. போ, பஸ்ஸு போயிடப் போகுது."

எதிர்க்கரைக்காரன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு போய்விட்டான். அதோடு சரி, அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. இவனும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் மூக்கின் மேல் கோபம், அதை இறக்கி வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

எதிர்க்கரைக்காரன் போன பிறகு நிறுவனத்து ஆட்கள் வந்து அவன் குளத்தின் அந்தக் கோடியில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு கேமராவை மாட்டினார்கள். தீவனம் போட ஒரு எந்திரம், தண்ணீரில் காற்றடிக்க ஒரு சக்கரம், வாய்க்காலிலிருந்து தண்ணீர் இழுக்கக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டிவைத்த ஒரு மோட்டார். எல்லாம் நேரத்துக்குத் தானாக ஓடும், தானாக நிற்கும். கேமரா தண்ணீரைத் தாண்டிப் பொதுக் கரையைப் பார்த்தபடி இருந்தது. நெட்டையன் தினமும் தீவன டப்பாவோடு அந்தக் கரையில்தான் நடந்தாக வேண்டும். முதல் நாள் அதை முறைத்தான். இரண்டாம் நாள் அதைப் பார்த்துக் காறித் துப்பினான். அப்புறம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி இருப்பது மகள் வீட்டில், பஸ்ஸில் ஒரு பகல் போகிற தூரத்தில். பிரசவத்துக்குப் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அவள் இன்னும் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நெட்டையன் சொல்லிச் சிரிப்பான். யாரிடம் சொல்லிச் சிரிப்பான் என்று கேட்காதீர்கள். போன கோடையில் தண்ணீர் கொதித்து மீன்கள் மூச்சு முட்டிச் செத்தபோது அவள் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எனக்கும் வயசாகுது. நானும் எத்தன நாளைக்கு இங்கயும் அங்கயுமா மனச வச்சுக்கிட்டு இருக்கறது? இன்னும் ஒரு தடவ மீன் விடுங்க. நல்லா வந்துச்சுன்னா நான் மூட்டையக் கட்டிக்கிட்டு அங்க வந்துடறேன். போச்சுன்னா நீங்க குளத்தக் குடுத்துட்டு இங்க வந்துடணும்."

"சரி" என்றான்.

"சும்மா சரிங்கக் கூடாது."

"சத்தியமா சரி."

ஆக, அந்தக் குளத்தில் நீந்தியது கெண்டை மீன் மட்டுமல்ல. அவன் வீட்டு அடுப்பு, வாசல், மனைவியின் குரல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இந்த முறை மீன் பொன்னாக வந்தது. டப்பாவைத் தட்டினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஏறி வரும். இன்னும் சில நாளில் வலை போடலாம் என்று வியாபாரியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நெட்டையன் வீட்டுக்கு வெள்ளையடித்தான். பரணில் கிடந்த மனைவியின் தலையணையை எடுத்து வெயிலில் காயப்போட்டான்.

அன்று காலை டப்பாவைத் தட்டினான். மீன் வரவில்லை.

மறுபடி தட்டினான். இங்கொன்றும் அங்கொன்றுமாக முதுகைக் காட்டியபடி மந்தமாகத் திரும்பின. கைவலையைப் போட்டு ஒன்றை எடுத்தான். வயிற்றோரம் செதில் உதிர்ந்து, காசளவுக்குச் சிவந்த புண். இன்னொன்றை எடுத்தான். அதற்கும். மீனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் அப்படியே குந்திவிட்டான்.

அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் சாயங்காலம் வழக்கம்போல மதகைத் திறந்து, குளத்தின் அடித்தண்ணீரை வாய்க்காலில் விட்டிருந்தான். அந்தத் தண்ணீர் இப்போது நோயைச் சுமந்துகொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். வெயில் உச்சிக்கு வரும் முன் நிறுவனத்து மோட்டார்கள் தானாக ஓடத் தொடங்கும். முதலில் இழுக்கிற மோட்டார் எதிர்க்கரைக்காரன் குளத்துடையது.

வியாபாரிக்குப் போன் போட்டான். அவர் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, துணி ஏத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏத்தாதீங்க. இன்னைக்கே தண்ணிய வடிச்சு விடுங்க, நாளைக்கு விடியக்கால வந்து வலை போட்டுடறேன். புண்ணு இருக்கறதக் கழிச்சுட்டு நல்லத எடுத்துக்கலாம். துணி ஏறிடுச்சுன்னா நான் அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க முடியாது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? சிவப்புத் துணி அந்தத் தெருக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். எவன் குளத்தில் நோய் வந்தாலும் அவனே வாய்க்கால் முனையில் நிற்கும் கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்ற வேண்டும். ஏறியதும் மற்றவர்கள் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கக் கூடாது, ஏற்றியவன் தண்ணீர் விடக் கூடாது, எந்த வியாபாரியும் அவன் மீனைத் தொடக் கூடாது. ஏற்றியவனுக்கு அந்த முறை எல்லாம் போச்சு. அதனால்தான் துணி ஏறியதைப் பார்த்தால் தெருவே அவன் கரைக்கு ஓடி வரும். திட்டுகிறவர்கள் திட்டுவார்கள், சுண்ணாம்பு மூட்டை தூக்குகிறவர்கள் தூக்குவார்கள், பெண்கள் சோறாக்குவார்கள். எதிர்க்கரைக்காரன் ஒரு முறை ஏற்றியபோது முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் நெட்டையன்தான். அன்றைக்கு அவ்வளவு பேரும் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டது, சாவு வீட்டிலா கல்யாண வீட்டிலா என்று தெரியாதபடி இருந்தது.

இப்போது யாருக்காக ஏற்றுவது? தெருவையே காலி செய்த நிறுவனத்தின் மீனைக் காப்பாற்றவா? ஒரு போன் போட்டுக்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்காதவன் குளத்துக்காகவா? தண்ணீரை வடித்தால் போதும். மனைவி வந்துவிடுவாள். வெயிலில் காய்ந்த தலையணை உள்ளே கட்டிலில்தான் இருக்கிறது. நெட்டையன் எழுந்து போய் மதகின் பலகையில் கை வைத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். பலகையைத் தூக்கக் கை வரவில்லை. தன் கையையே நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து துணியை எடுத்தான். மனைவி பழைய ஜன்னல் திரையிலிருந்து கிழித்துக் கொடுத்த துணி.

துணியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவன், பழக்கத்தில் ஒன்று செய்தான். அடுப்பில் பெரிய பாத்திரத்தை வைத்து, தெருவுக்கே போதுகிற மாதிரி டீ போட்டான். கரையைப் பெருக்கினான். உட்கார இரண்டு சாக்கை விரித்தான். அப்புறம் உட்கார்ந்து வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈ காக்கா கூட வரவில்லை. துணி காற்றில் படபடத்தது. பூட்டிய வீடுகள் பூட்டியபடியே இருந்தன. டீயின் மேல் ஆடை கட்டியது. அதைப் பார்த்தபோதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. யாரும் இல்லாத தெருவுக்குக் கொடியேற்றி, யாரும் இல்லாத தெருவுக்கு டீ போட்டிருக்கிறான். அவனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் தனியாக இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, தனிமை என்றால் இதுதான் என்று தோன்றியது.

அழுது முடிக்கவும் நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிறுவனத்து மேற்பார்வைக்காரனின் எண்ணைத் தேடிப் போன் போட்டான். அவன் வேறு எங்கோ தொலைவில் இருந்தான். மரியாதையான பையன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"ஐயா, என் போன்ல எல்லாக் குளமும் பச்சையாதான் காட்டுது. நீங்க ஏன் பதட்டப்படறீங்க?"

"தம்பி, நோவு உங்க குளத்துல இல்லப்பா, என் குளத்துல. தண்ணி வாய்க்கால்ல வருது. மோட்டார நிறுத்து. துணி ஏத்தியிருக்கேன், பாக்கலியா?"

"என்ன துணிங்கய்யா?"

நெட்டையன் சொன்னான். பையன் அந்தப் பக்கம் எதையோ தட்டித் தேடினான்.

"அப்படி ஒண்ணு எங்க கணக்குலயே இல்லியேய்யா. மோட்டார நிறுத்தணும்னா மேல இருந்து சொல்லணும். இல்லன்னா நிலத்துக்காரங்க சொல்லணும். நான் எழுதிப் போட்டுடறேன், சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துரும்."

சாயங்காலம்! அதற்குள் வாய்க்காலில் ஒரு சொட்டு மிஞ்சாது. எதிர்க்கரைக்காரன் குளத்து மோட்டார்க் கூண்டுக்கு ஓடி, பூட்டை ஆட்டிப் பார்த்தான், கல்லால் தட்டிப் பார்த்தான். விரல்தான் நசுங்கியது. அப்போது தலையை நிமிர்த்தியவன் கண்ணில் அந்தக் கேமரா பட்டது.

அதற்கப்புறம் அவன் ஓடிய ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாய்க்கால் முனைக் கம்பத்துக்குப் போய்த் துணியை அவிழ்த்துக்கொண்டு பொதுக் கரைக்கு ஓடி வந்தான். கேமராவுக்கு நேர் எதிரே நின்று துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தான். எங்கேயோ ஓர் அறையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் எவனாவது பார்க்க மாட்டானா? ஆட்டினான். குதித்தான். "நிறுத்துங்கடா!" என்று தண்ணீருக்கு மேலே கத்தினான். கேமராவுக்குக் காது உண்டா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. கை வலித்தது, இறக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையால் துணியைப் பிடித்தபடியே எடுத்தான்.

"டேய் நெட்டை! பைத்தியக்காரா! துணியக் கீழ இறக்குடா, கை முறிஞ்சிடப் போகுது!"

நெட்டையன் கை தானாக இறங்கியது. எதிர்க்கரைக்காரன் குரல்.

"டேய்... உனக்கு எப்படிடா..."

"அதெல்லாம் அப்புறம். உன் குளத்துலயா?"

"ஆமா. நேத்து சாயங்காலம் தண்ணி விட்டுட்டேன்டா. தெரியாம விட்டுட்டேன். உன் மோட்டார்தான் மொதல்ல இழுக்கும்."

"போன வை."

வைத்தான். அவன் கூண்டுக்கு ஓடி வந்தபோது உள்ளே மோட்டார் ஒரு தும்மல் போட்டு ஓடத் தொடங்கியது. நெட்டையன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். குழாய் வாயில் முதல் தண்ணீர் எட்டிப் பார்த்த நேரத்தில் மோட்டார் நின்றது. அடுத்த குளத்தில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்ததும் நின்றது. அதற்கு அடுத்ததும். தெரு முழுக்க அமைதியானது. மறுபடி போன் அடித்தது.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. என்னடா சொன்ன?"

"நிலத்துக்காரன் பேசறேன், வாய்க்கால்ல இருக்கற எல்லா மோட்டாரையும் நிறுத்தலன்னா வக்கீலோட வந்து நிப்பேன்னு கத்துனேன். எனக்கு எந்த வக்கீலடா தெரியும்? இங்க இருக்கறதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு லிஃப்ட் ஓட்டறவரு."

நெட்டையனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகையாகிவிட்டது. எதிர்க்கரைக்காரன் மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கேமராவுல தெரியறத பையன் என் போன்ல போட்டுக் குடுத்தான்டா. குத்தகைக்கு விட்டவங்க அவங்கவங்க குளத்தப் பாத்துக்கலாமாம். குளத்துல பாக்கறதுக்கு என்ன இருக்கு, தண்ணி. அதுல நீ வருவ. காலையில டப்பாவத் தூக்கிக்கிட்டு ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நீ வந்தப்புறம்தான் நான் டீயே குடிப்பேன்."

"தினமுமா?"

"இங்க வேற என்ன வேலை? பையன், மருமக, பேரன் எல்லாம் விடிஞ்சதும் கெளம்பிடறாங்க. நீ கேமராவப் பாத்துக் காறித் துப்புனதக்கூடப் பாத்தேன். என்னப் பாத்துத்தான் துப்பறன்னு நெனச்சு ரெண்டு நாள் பாக்கல. அப்புறம் மனசு கேக்கல."

"போன் போட்டிருக்கலாம்லடா."

"நீயும்தான் போட்டிருக்கலாம்." உடனே பேச்சை மாற்றினான். "ஆமா, மூணு நாளா வலது கால இழுத்து இழுத்து நடக்கறியே, என்ன?"

நெட்டையன் தன் காலைக் குனிந்து பார்த்தான். முள் குத்தி வீங்கியிருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"முள்ளு" என்றான்.

மற்ற குளங்கள் பிழைத்தன. நெட்டையன் குளத்தில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. கூடைகூடையாக அள்ளி, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினான். தோள் கொடுக்க ஆளில்லை, ஆனால் போனைச் சட்டைப்பையில் திறந்தே வைத்திருந்தான். "அந்த மூலையில இன்னும் கெடக்கு பாரு, குருடா" என்று எதிர்க்கரைக்காரன் உள்ளிருந்து அதட்டிக்கொண்டே இருந்தான். முன்பைவிட நன்றாகத் திட்டினான்.

கடைசிக் குழியை மூடிவிட்டு மனைவிக்குச் சொன்னான். அவள் குறை சொல்வாள், நான் அப்போதே சொன்னேனே என்பாள் என்று தயாராக இருந்தான்.

"துணி ஏத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏத்துனேன்."

"நல்லதுங்க." அப்புறம், "வீட்டுக்கு வெள்ளையடிச்சேன்னீங்களே" என்றாள். அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மேற்பார்வைக்காரன் வந்து குளத்தை அளந்துகொண்டு, உங்கள் கரையிலும் ஒரு கேமரா வைத்துவிடுவோம், மகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று பெருமையாகச் சொன்னான்.

எதிர்க்கரைக்காரனிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இவனும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஆனாலும் மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

"நல்ல காரியம் பண்ணுன. பொண்டாட்டி புள்ளையோட போய் இரு. தனியாக் கெடந்து என்ன ஆகப் போகுது?" என்று அவன் மளமளவென்று சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"டேய்."

"இருக்கேன். சொல்லு."

"அப்ப காலையில நான் யாரடா பாப்பேன்?"

புறப்படுகிற நாள் காலையில் நெட்டையன் பையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினான். பூட்டிய பிறகு திரும்ப வந்து, வாசலில் கிடந்த தீவன டப்பாவைத் தூக்கிக்கொண்டான். போடத் தீவனமும் இல்லை, தின்ன மீனும் இல்லை. பொதுக் கரையில் ஏறினான். கால் சரியாகிவிட்டது தெரியட்டும் என்று கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தான். டப்பாவைத் தட்டினான். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றான். கேமராவைப் பார்த்துக் கையசைக்கலாமா என்று நினைத்து, தினமும் நடப்பது போல நடப்பதே நல்லது என்று விட்டுவிட்டான். கரை முடிகிற இடத்துக்கு வந்தான். இன்னும் ஓர் எட்டு வைத்தால் படத்தில் தெரிய மாட்டான்.

தெருமுனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. பையைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் இன்னொரு முறையும் அடித்தார். நெட்டையனுக்கு அந்த ஓர் எட்டை வைக்கக் கால் வரவில்லை. திரும்பி, கரையின் தொடக்கத்தை நோக்கி டப்பாவைத் தட்டியபடி நடந்தான். அடுத்த பஸ் மத்தியானம் இருக்கிறது.